நடுவர் யார் பக்கம்? 2023-24 பிரீமியர் லீக்கை வைத்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: "நாங்கள் ஐந்து நண்பர்கள், ஆளுக்கொரு இங்கிலாந்து அணி. 2023-24 பிரீமியர் லீக் சீசனில் ஆரம்பித்த வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. நடுவர்கள் பெரிய அணிகளுக்குச் சாதகமாக ஊதுகிறார்களா? ஏறி ஆடும் அணிக்கு ஒரு நியாயம், பின்னால் நின்று தடுக்கும் அணிக்கு வேறு நியாயமா? பின்னால் நின்று நீளப் பந்து அடிப்பது கால்பந்தே இல்லை என்கிறான் எங்களில் ஒருவன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவர்களிடம் சாய்வு உண்டு, ஆனால் நாம் தேடும் இடத்தில் அது இல்லை. கிளப்பின் பெயரைப் பார்த்து ஊதினார்கள் என்பதற்கு அந்த சீசனில் நம்பத்தகுந்த எதையும் நான் பார்க்கவில்லை. அரங்கத்தின் சத்தம் அவர்களைச் சாய்க்கிறது என்பதற்கு நிறைய ஆதாரம் இருக்கிறது. அப்புறம், "எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று நாம் கொதிக்கிற முடிவுகளில் பல நம் அணி ஆடும் விதத்திலிருந்தே முளைப்பவை. நான் மாவட்ட அளவிலான ஆட்டங்களில் பல வருடம் கோட்டோரம் கொடி பிடித்து ஓடியவன். நடுவர்கள் மேல் எனக்கு ஒரு பரிவு இருக்கும். அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எல்லாச் சண்டைக்கும் மூலமான ஆட்டத்திலிருந்து தொடங்குவோம். 2023 செப்டம்பர் 30, டாட்டன்ஹாம் அரங்கில் டாட்டன்ஹாமும் லிவர்பூலும். நமக்கு இரவு 10 மணி ஆட்டம். 26வது நிமிடத்தில் லிவர்பூலின் கர்டிஸ் ஜோன்ஸுக்கு முதலில் மஞ்சள் அட்டை, விஏஆர் (காணொளியைப் பார்த்து உதவும் நடுவர் முறை) திரையைப் பார்த்த பிறகு அது சிவப்பாக மாறியது. பத்துப் பேரோடு ஆடிக்கொண்டிருந்த லிவர்பூலுக்கு 34வது நிமிடத்தில் சாலா ஒரு பந்தை உள்ளே தள்ளிவிட, லூயிஸ் டியாஸ் ஓடிப்போய் கோல் அடித்தார். லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கினார். ஆஃப்சைடு, அதாவது பந்து உதைபட்ட கணத்தில் தடுப்பவர்களைத் தாண்டி நின்றுவிட்டார், கோல் இல்லை.

இனி நடந்ததுதான் விஷயம். விஏஆர் அறையில் இருந்த டேரன் இங்கிலாந்து என்ற நடுவர் காட்சியைப் பார்த்தார், கோடு போட்டார், டியாஸ் ஆஃப்சைடில் இல்லை என்பதைச் சரியாகவே கண்டார். ஆனால் மைதானத்தில் கோல் கொடுக்கப்பட்டுவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அதனால் "சரிபார்த்தாயிற்று" என்று சொல்லிவிட்டார். அவரைப் பொறுத்தவரை அதற்கு 'கோல் சரி' என்று பொருள். மைதானத்தில் நின்ற சைமன் ஹூப்பரைப் பொறுத்தவரை 'ஆஃப்சைடு சரி' என்று பொருள். டாட்டன்ஹாம் ஃப்ரீ கிக் எடுத்து ஆட்டத்தைத் தொடங்கிவிட்டது. சில விநாடி கழித்து, காட்சிகளை ஓட்டிக் காட்டும் பணியாளர்தான் முதலில் விழித்துக்கொண்டார். "கொடுத்த முடிவு ஆஃப்சைடு ஆயிற்றே, இதில் உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிக் குரல்கள் எழுந்தன. ஆனால் ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் முந்தைய முடிவை மாற்றக் கூடாது என்பது விதி. "ஒன்றும் செய்ய முடியாது" என்று டேரன் இங்கிலாந்து திரும்பத் திரும்பச் சொல்வது, நான்காம் நாள் வெளியிடப்பட்ட ஒலிப்பதிவில் கேட்கிறது.

அந்த ஒலிப்பதிவை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். சதி செய்கிறவர்களின் குரல் அதில் இல்லை. அவசர அவசரமாக வேலை பார்த்து, ஒரு சொல்லைத் தவறான பொருளில் பயன்படுத்திவிட்டு, அது புரிந்த கணத்தில் உறைந்துபோன மனிதரின் குரல்தான் இருக்கிறது. ஆனால் லிவர்பூல் ரசிகர்களின் கோபத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்த விஏஆர் குழுவில் இருந்தவர்கள் இரண்டு நாளுக்கு முன்புதான் ஐக்கிய அரபு அமீரகத்தில் ஒரு லீக் ஆட்டத்தில் பணிபுரிந்துவிட்டு விமானம் ஏறித் திரும்பியிருந்தார்கள். கோடிக்கணக்கில் பணம் புரளும் லீக்கில், முடிவைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற எளிய நடைமுறைகூட இறுக்கமாக இல்லை. அது அமைப்பின் குற்றம். ஜோட்டாவும் 69வது நிமிடத்தில் வெளியேற்றப்பட, ஒன்பது பேரோடு தாக்குப்பிடித்த லிவர்பூல், 90 நிமிடத்துக்குப் பிறகு சேர்த்த கூடுதல் நேரத்தின் 6வது நிமிடத்தில், தன் வீரர் மாட்டிப் காலில் பட்டு உள்ளே போன சொந்த கோலில் 2-1 என்று தோற்றது. யாருக்குத்தான் ஆறும்?

சரி, அந்த இரவின் நடுவர் சைமன் ஹூப்பர் என்றேன் அல்லவா? உங்கள் நண்பர்களுக்குள் யாராவது "பெரிய அணிக்குச் சாதகம்" என்று ஆரம்பித்தால், அந்த சீசனில் அவருடைய மூன்று ஆட்டங்களை அடுத்தடுத்து வைத்துக் காட்டுங்கள். ஆகஸ்ட் 14, ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டும் உல்வ்ஸும். கடைசி நிமிடங்களில் யுனைடெட் கோல்கீப்பர் ஒனானா பந்தைத் தொடாமல் உல்வ்ஸின் கலாய்ஜிச் மீது முழு வேகத்தில் போய் மோதினார். பெனால்டி கிடைக்கவில்லை. ஆட்டம் முடிந்த அன்றிரவே நடுவர் அமைப்பு உல்வ்ஸ் பயிற்சியாளரிடம் மன்னிப்புக் கேட்டது. அந்த ஒன்றை மட்டும் பார்த்தால், பெரிய அணிக்குச் சாதகம்தான். செப்டம்பர் 30, நாம் மேலே பார்த்தது. பாதிக்கப்பட்டது லிவர்பூல் என்ற பெரிய அணி. டிசம்பர் 3, மான்செஸ்டர் சிட்டியும் டாட்டன்ஹாமும். ஆட்டம் 3-3 என்று இருக்க, கடைசி விநாடிகளில் சிட்டியின் ஹாலண்டை ஃபவுல் செய்கிறார்கள். ஹூப்பர் இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, ஆடுங்கள் என்று சைகை காட்டுகிறார். ஹாலண்ட் எழுந்து பந்தை முன்னே அனுப்ப, கிரீலிஷ் தனியாகக் கோலை நோக்கி ஓடுகிறார். அப்போது விசில்! ஹாலண்ட் கத்திய கத்தலைப் படமாகப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. பாதிக்கப்பட்டது நடப்புச் சாம்பியன். நடுவரைச் சூழ்ந்துகொண்டதற்காக சிட்டிக்கு 1,20,000 பவுண்டு அபராதமும் விழுந்தது.

ஒரே நடுவரின் மூன்று ஆட்டங்கள், மூன்று பெரிய தவறுகள், மூன்றிலும் அடிபட்டது வேறு வேறு அணி. இதில் ஒரு திசையைக் கண்டுபிடிக்க முடிந்தால் சொல்லுங்கள். எனக்குத் தெரிவது இதுதான்: அழுத்தமான கணத்தில், பெரும் இரைச்சலுக்கு நடுவே, அரை விநாடியில் எடுக்கப்பட்ட தவறான முடிவுகள். தரம் போதவில்லை என்று சொல்லுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். நேர்மை இல்லை என்பது வேறு குற்றச்சாட்டு, அதற்கு வேறு ஆதாரம் வேண்டும்.

அந்தக் குற்றச்சாட்டைப் பகிரங்கமாக வைத்த கிளப்பும் அதே சீசனில்தான் வந்தது. 2024 ஏப்ரல் 21, எவர்ட்டனிடம் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 2-0 என்று தோற்றது. ஆஷ்லி யங் சம்பந்தப்பட்ட மூன்று இடங்களில் பெனால்டி கேட்டார்கள், மூன்றும் கிடைக்கவில்லை. ஆட்டம் முடிந்த கையோடு கிளப்பின் அதிகாரப்பூர்வக் கணக்கிலிருந்தே ஒரு பதிவு: விஏஆர் அறையில் இருப்பவர் லூட்டன் ரசிகர் என்று முன்கூட்டியே எச்சரித்தோம், அப்படியும் மாற்றவில்லை என்று. லூட்டன் அப்போது கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் தப்பிக்க ஃபாரஸ்ட்டோடு போட்டி போட்டுக்கொண்டிருந்த அணி. இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் அந்தப் பதிவுக்காக ஃபாரஸ்ட்டுக்கு 7,50,000 பவுண்டு அபராதம் விதித்தது.

இங்கே இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் நடுவர்கள் தாங்கள் எந்த அணியின் ரசிகர் என்பதை எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த அணியின் ஆட்டத்துக்கு அவர்களைப் போட மாட்டார்கள். ஆனால் போட்டியில் இருக்கும் பக்கத்து அணியின் ஆட்டத்துக்குப் போடலாமா? ஃபாரஸ்ட் கேட்ட அந்தக் கேள்வி நியாயமானது. நியமனம் செய்யும்போதே யோசித்திருக்க வேண்டிய கேள்வி. ஆனால் தோற்ற பிறகு, ஒரு மனிதரின் நேர்மையையே சந்தேகத்தில் நிறுத்தி லட்சக்கணக்கானவர்கள் முன் எழுதியது தவறு. அந்த ஆள் மறுநாள் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போக வேண்டும் என்பதை யாரும் நினைப்பதில்லை. கடைசியில் ஃபாரஸ்ட் 32 புள்ளியோடு 17வது இடத்தில் தப்பியது, லூட்டன் 26 புள்ளியோடு இறங்கியது. செலவு வரம்பை மீறியதற்காக ஃபாரஸ்ட்டிடம் 4 புள்ளி, எவர்ட்டனிடம் மொத்தம் 8 புள்ளி அந்த சீசனில் பறிக்கப்பட்டன. கீழ்ப்பகுதி அட்டவணையைக் குலுக்கியதில் எந்த விசிலையும்விட அந்தக் கணக்குப் புத்தகங்களுக்குத்தான் பங்கு அதிகம்.

உண்மையான ஊழல் எப்படி இருக்கும் என்றும் பார்த்துவிடலாம், ஏனென்றால் அது நடந்திருக்கிறது. ஜெர்மனியில் ராபர்ட் ஹோய்சர் என்ற நடுவர் பந்தயக் கும்பலிடம் பணம் வாங்கினார். 2004 ஆகஸ்டில் ஒரு கோப்பை ஆட்டத்தில் 2-0 என்று முன்னிலையில் இருந்த ஹாம்பர்க், கீழ்ப் பிரிவு அணியான படர்போர்னிடம் 4-2 என்று தோற்றது. படர்போர்னுக்கு இரண்டு பெனால்டி, ஹாம்பர்க் வீரர் ஒருவருக்குச் சிவப்பு அட்டை. ஹோய்சருக்கு 2 வருடம் 5 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. அவரைக் காட்டிக்கொடுத்தவர்கள் யார் தெரியுமா? சக நடுவர்கள். இத்தாலியில் 2006இல் வெளிவந்த விவகாரம் தொலைபேசி ஒட்டுக்கேட்பில் சிக்கியது. எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர் என்ற நியமனத்தில் செல்வாக்குச் செலுத்தியது அம்பலமாகி, யுவென்டஸ் பட்டத்தை இழந்து இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. பணம், தொலைபேசி, இடைத்தரகர். ஊழல் இப்படித்தான் தடம் விடும். ஒரு ஆட்டத்தில் கிடைக்காத பெனால்டி தடம் ஆகாது.

இப்போது நான் உண்மையாகவே நம்பும் சாய்வுக்கு வருகிறேன். 2002இல் வெளியான ஒரு ஆய்வு. ஆன்ஃபீல்டில் லிவர்பூலும் லெஸ்டரும் ஆடிய ஒரு ஆட்டத்திலிருந்து 47 மோதல்களை எடுத்து, தகுதி பெற்ற 40 நடுவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு குழுவுக்கு அரங்கச் சத்தத்தோடு, இன்னொரு குழுவுக்குச் சத்தமே இல்லாமல். சத்தத்தோடு பார்த்தவர்கள், உள்ளூர் அணிக்கு எதிராகக் கொடுத்த ஃபவுல்கள் 15.5 சதவீதம் குறைவு. அதே காட்சி, அதே மோதல். அவர்கள் யாரும் லிவர்பூலுக்கு உதவ நினைத்து உட்காரவில்லை. ஐயம் வந்த இடத்தில் சத்தம் கையைப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஸ்பெயினில் பொருளாதார அறிஞர்கள் மூவர் கூடுதல் நேரத்தை அளந்தார்கள். நெருக்கமான ஆட்டத்தில் உள்ளூர் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தால் நடுவர்கள் சேர்த்த நேரம் சுமார் 4 நிமிடம், ஒரு கோல் முந்தியிருந்தால் சுமார் 2 நிமிடம். ஜெர்மன் லீக்கை ஆராய்ந்தவர் இன்னொன்றைக் கண்டார். மைதானத்தைச் சுற்றி ஓட்டப் பாதை இருக்கும் அரங்குகளில், அதாவது கூட்டம் தள்ளி உட்கார்ந்திருக்கும் இடங்களில், இந்தச் சாய்வு குறைகிறது. அப்புறம் கொரோனா வந்தது. 2020-21 சீசனில் ஏறக்குறைய எல்லா ஆட்டமும் வெற்று அரங்கில் நடந்தது. இங்கிலாந்தின் உச்சப் பிரிவு வரலாற்றில் முதல் தடவையாக, வெளியூர் அணிகளின் வெற்றி (153) உள்ளூர் அணிகளின் வெற்றியை (144) முந்தியது. ஆன்ஃபீல்டில் தொடர்ந்து ஆறு லீக் ஆட்டம் தோற்றது லிவர்பூல். எல்லாவற்றுக்கும் நடுவர் காரணம் என்று சொல்லவில்லை, வீரர்களும் கூட்டத்தில்தான் உயிர்பெறுகிறார்கள். ஆனால் பல நாடுகளின் லீக்குகளைப் பார்த்தவர்கள், வெளியூர் அணிக்குக் கிடைக்கும் கூடுதல் மஞ்சள் அட்டைகள் அந்தக் காலத்தில் கரைந்துபோனதைக் கவனித்திருக்கிறார்கள்.

எனக்கு இந்த ஆய்வுகளைப் படித்தபோது ஆச்சரியம் வரவில்லை. ஒரு அரையிறுதியில் நான் கொடி பிடித்துக்கொண்டிருந்தேன். உள்ளூர் ஆட்கள் கோட்டுக்கு ஒன்றரை அடி பின்னால் நின்றார்கள். ஒருவர் மட்டும் முதல் நிமிடத்திலிருந்து என் பிடரியிலேயே பேசிக்கொண்டிருந்தார். திட்டவில்லை. "சார், பாருங்க சார், நல்லா பாருங்க" என்று மட்டும், ஒரு மணி நேரம். இரண்டாம் பாதியில் வெளியூர்ப் பையன் ஒருவன் பாய்ந்து கோல் அடித்தான். என் கொடி மேலே போய்விட்டது. போன அடுத்த கணமே எனக்குத் தெரிந்தது, அவன் பின்னாலிருந்துதான் ஓடிவந்தான் என்று. நடுவர் என்னைப் பார்த்து விசில் ஊதிவிட்டார். அந்தப் பையன் என்னிடம் வந்து ஒன்றும் கேட்கவில்லை, இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தான். யாரிடமும் நான் ஒரு பைசா வாங்கவில்லை, அந்த ஊர் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் கொடியைத் தூக்கியது என் கண் இல்லை, பின்னால் கேட்ட குரல்.

ஆஃப்சைடு பார்ப்பது என்றால் என்ன என்பதையும் சொல்ல வேண்டும். கோல்கீப்பரையும் சேர்த்து எண்ணினால் கடைசிக்கு முந்தைய தடுப்பாட்டக்காரரோடு ஒரே நேர்க்கோட்டில் நீங்கள் பக்கவாட்டில் ஓட வேண்டும். பந்து 30, 40 மீட்டர் தள்ளி இன்னொருவர் காலில். இரண்டையும் ஒரே சமயத்தில் கண்ணால் பிடிக்க முடியாது. அதனால் கண்ணைக் கோட்டில் வைத்து, பந்து உதைபடும் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொள்ளப் பழகுவோம். அறுபதாயிரம் பேர் கத்தும் அரங்கில் அந்தச் சத்தம் எங்கே கேட்கும்? தாக்குபவர் ஒரு பக்கம் விநாடிக்கு 8 மீட்டர், தடுப்பவர் எதிர்ப்பக்கம் 8 மீட்டர் ஓடினால், பத்தில் ஒரு பங்கு விநாடியில் இருவருக்கும் நடுவே 1.6 மீட்டர் மாறிவிடும். விநாடிக்கு 50 படம் எடுக்கும் கேமராவிலேயே ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் 32 சென்டிமீட்டர் நழுவுகிறது. பந்து காலை விட்ட படம் எது என்று மனிதன் கையால் தேர்ந்தெடுத்து, தோளுக்கும் காலுக்கும் கோடு போட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்த சீசன் நடந்தது. பாதி தானியங்கி ஆஃப்சைடு முறை பிரீமியர் லீக்குக்கு வந்தது 2025 ஏப்ரல் 12இல்தான்.

இதிலிருந்தே உங்கள் இரண்டாவது கேள்விக்கு, பாணிக்கு, போய்விடலாம். அந்த சீசனில் டாட்டன்ஹாம் பயிற்சியாளர் போஸ்டகோக்லு தன் தடுப்பு வரிசையை ஏறக்குறைய நடுக்கோட்டிலேயே நிறுத்தினார். முதல் பத்து லீக் ஆட்டத்தில் தோல்வி இல்லை. தடுப்பு வரிசையை மேலே ஏற்றி நிறுத்தும் அணியின் ஆட்டத்தில் நூலிழை ஆஃப்சைடுகள் வந்துகொண்டே இருக்கும். பின்னால் ஆளில்லாமல் ஒற்றைக்கு ஒற்றை ஓடும் இடங்களும் அப்படியே, அங்கே ஒரு ஃபவுல் என்றால் சிவப்பு அட்டைப் பேச்சு வரும். அதனால் டாட்டன்ஹாம் ஆட்டங்களில் விஏஆர் அடிக்கடி நுழைந்ததில் வியப்பே இல்லை. நவம்பர் 6, செல்சியுடனான ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 33வது நிமிடம் டாட்டன்ஹாமின் ரொமேரோவுக்குச் சிவப்பு அட்டை, பெனால்டி. 55வது நிமிடம் உடோகிக்கு இரண்டாவது மஞ்சள். வான் டெ வெனும் மேடிசனும் காயத்தோடு முதல் பாதியிலேயே வெளியே போயிருந்தார்கள். எந்தப் பயிற்சியாளரும் ஒன்பது பேரையும் பெனால்டி பகுதிக்குள் இழுத்து நிறுத்தியிருப்பார். இவர் வரிசையை அதே நடுக்கோட்டில் வைத்தார். கோல்கீப்பர் விகாரியோ பெட்டியைவிட்டு வெகுதூரம் வெளியே வந்து பந்தை வெட்டிக்கொண்டே இருந்தார். 75வது நிமிடம்வரை ஸ்கோர் 1-1. செல்சி 2-1 என்று முந்திய பிறகும் டாட்டன்ஹாமின் டையர் அடித்த கோல் ஆஃப்சைடு ஆகாதிருந்தால் சமன். கடைசியில் செல்சியின் ஜாக்சன் ஹாட்ரிக் அடித்து 4-1. அரங்கம் எழுந்து கைதட்டியது. அந்த இரவில் நடுவர் மைக்கேல் ஆலிவரைப் பற்றி எத்தனையோ பேர் எழுதினார்கள். அவர் முன்னால் வந்த முடிவுகளின் எண்ணிக்கையையே நிர்ணயித்தது டாட்டன்ஹாமின் பாணி என்பதை எழுதியவர்கள் குறைவு.

சிட்டியின் விஷயம் வேறு. பந்தை எப்போதும் தன்னிடம் வைத்திருக்கும் அணிக்குப் பந்து பறிபோகும் கணம்தான் ஆபத்து. அந்தக் கணத்திலேயே, நடுக்கோட்டுக்கு அருகில், ஒரு சின்ன இழுப்பு அல்லது காலில் ஒரு தட்டு. எதிரணியின் ஓட்டம் நின்றுவிடும். கோலிலிருந்து வெகுதூரம் என்பதால் நடுவர் பெரும்பாலும் ஃப்ரீ கிக்கோடு விட்டுவிடுவார். விதிப் புத்தகத்தில், நம்பிக்கை தரும் தாக்குதலைத் தடுத்தால் மஞ்சள் அட்டை என்று இருக்கிறது. 'நம்பிக்கை தரும்' என்பதை யார் அளப்பது? பின்னால் நின்று தடுக்கும் அணியின் ஃபவுல் பெனால்டி பகுதியை ஒட்டி நடக்கும், உடனே அட்டை, ஆபத்தான இடத்தில் ஃப்ரீ கிக். ஃபவுல் எண்ணிக்கை சமம் என்றாலும் தண்டனை சமமாக இருக்காது. சின்ன அணி ரசிகர்கள் "பெரிய அணிக்கு ஒரு நியாயம்" என்று சொல்வதில் உண்மையான சரக்கு இருக்கும் இடம் இதுதான் என்பது என் கருத்து. பெரிய அணி பந்தோடு எதிராளியின் பெட்டிக்குள் அதிக நேரம் இருக்கிறது, அதனால் அதிகப் பெனால்டி கேட்கிறது, அதிகம் பெறுகிறது. தன் ஃபவுல்களை மலிவான இடத்தில் செய்கிறது. நடுவர் ஒரு பக்கமும் சாயாமலே இது நடக்கும். திருத்த வேண்டுமானால், திரும்பத் திரும்பச் செய்யும் சின்ன ஃபவுல்களுக்கு அட்டையைச் சீக்கிரம் எடுக்கச் சொல்ல வேண்டும்.

ஆர்சனல் ரசிகருக்கும் ஒரு வார்த்தை. நவம்பர் 4, நியூகாசிலில் 1-0 தோல்வி. நியூகாசிலின் கோர்டன் அடித்த அந்த கோலுக்கு மூன்று விஷயத்தைச் சரிபார்த்தார்கள்: பந்து வெளியே போனதா, ஆர்சனலின் கேப்ரியேலை நியூகாசிலின் ஜோயலின்டன் தள்ளினாரா, கோர்டன் ஆஃப்சைடா. நான்கு நிமிடத்துக்கு மேல் பார்த்தும், மூன்றிலும் முடிவை மாற்றப் போதுமான காட்சி இல்லை என்று கோலை நிற்கவிட்டார்கள். இங்கிலாந்தில் விஏஆர் தலையிட, 'தெளிவான, வெளிப்படையான தவறு' வேண்டும். ஆர்சனல் பயிற்சியாளர் ஆர்டெட்டா வெகுண்டு பேசினார், அவர் மேல் குற்றம் சாட்டப்பட்டது. விசாரணையில் அவர் தரப்பு, அவர் பயன்படுத்திய 'டிஸ்கிரேஸ்' (அவமானம்) என்ற ஆங்கிலச் சொல்லைப் போலவே ஒலிக்கும் ஒரு சொல் அவருடைய ஸ்பானிய மொழியில் துரதிர்ஷ்டம் என்ற பொருளில் இருப்பதை எடுத்துக்காட்டியது. குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று முடிந்தது. அந்த சீசனில் ஆர்சனல் 89 புள்ளி, சிட்டி 91. இரண்டே புள்ளி என்பதால் அந்த ஆட்டம் இன்னும் உறுத்தும். எனக்கு அந்தத் தள்ளல் ஃபவுல் என்றே படுகிறது. ஆனால் அதே ஆர்சனல் கார்னர்களில் பென் ஒயிட்டைக் கோல்கீப்பருக்கு முன் ஒட்டி நிறுத்தி, நகரவிடாமல் செய்து எத்தனை கோல் எடுத்தது? ஆறு கெஜப் பெட்டிக்குள் எவ்வளவு தள்ளலாம் என்ற அதே மங்கலான எல்லையில்தான் இரண்டும் நடந்தன. அந்த எல்லையைத் தளர்வாக வைத்ததில் சீசன் முழுக்க லாபம் அடைந்த அணிகளில் ஆர்சனலும் உண்டு.

விஏஆரையே எடுத்துவிடலாம் என்பவர்களுக்கு: உல்வ்ஸ் அதைத்தான் முன்மொழிந்தது. 2024 ஜூன் 6இல் வாக்கெடுப்பு, 19-1 என்று தோற்றது. உல்வ்ஸ் மட்டும்தான் ஆதரவு. விஏஆர் வருவதற்கு முன் 82 சதவீதமாக இருந்த சரியான முக்கிய முடிவுகள் 96 சதவீதம் ஆகியிருப்பதாக லீக் சொன்னது. இது லீக்கே கொடுத்த கணக்கு. ஆனால் வாராவாரம் அடிபட்டதாகச் சொன்ன கிளப்புகளே அதை விடத் தயாராக இல்லை என்பதைக் கவனியுங்கள்.

கடைசியாக, பின்னால் நின்று நீளப் பந்து அடிக்கும் அணிகளை "கால்பந்தே இல்லை" என்று உங்கள் நண்பர் ஒருவர் ஒதுக்குகிறார் போலிருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. அந்த சீசனில் இரண்டாம் பிரிவிலிருந்து மேலே வந்த அணிகளில் இரண்டைப் பாருங்கள். கொம்பனி பயிற்றுவித்த பர்ன்லி, இரண்டாம் பிரிவில் 101 புள்ளி எடுத்து வந்த அணி. கோல்கீப்பரிலிருந்தே குட்டை குட்டையாகப் பாஸ் போட்டு ஏறும் அழகான ஆட்டம். மேலே வந்தும் அதையே ஆடியது, தன் பெட்டியின் விளிம்பிலேயே பந்தைப் பறிகொடுத்து கோல் வாங்கியது, 24 புள்ளியோடு இறங்கியது. லூட்டன், ஓக் ரோட்டில் வரிசை வீடுகளுக்கு நடுவே ஒரு சந்து வாசலில் வெளியூர் ரசிகர்களை உள்ளே விடும் கெனில்வர்த் ரோட்டில் ஆடும் அணி. லீக்கின் மிகச் சிறிய அரங்கங்களில் ஒன்று. ஓரங்களில் ஏறி, பந்தை உயர அனுப்பி, தலைகளை நம்பி ஆடியது. 52 கோல் அடித்தது, பர்ன்லியைவிட 11 அதிகம். அதுவும் இறங்கியதுதான், 26 புள்ளியோடு. ஆனால் கெனில்வர்த் ரோட்டில் மழையில் ஒரு கார்னருக்காக அந்தத் தகரக் கூரை அதிர்வதைக் கேட்டவர் யாரும் அதைக் கால்பந்து இல்லை என்று சொல்ல மாட்டார். எந்த நடுவருக்கும் அந்தக் கூரையின் கீழே ஊதுவது எளிதாக இருந்திருக்காது.